ஒரு வெள்ளை சேர்ட்டின் விலை

பத்திரிகையாளனின் ஆயுதம் பேனா என்று மேடைகளில் சொல்வார்கள். எங்கள் காலத்தில் பேனாவுடன் ஒரு வெள்ளை சேர்ட்டும் வேண்டியிருந்தது. பாராளுமன்றச் செய்தியாளர் கலரிக்கும் அமைச்சர்களின் செய்தியாளர் மாநாடுகளுக்கும் தூதரக வைபவங்களுக்கும் கசங்கிய உடையுடன் போனால், வாசலில் நிற்கும் காவலாளியே எமது முதல் தணிக்கை அதிகாரியாகிவிடுவார். பல தசாப்தங்களாகக் கொலர் வைத்த சேர்ட்டுகளை அணிந்து, தோய்த்து, அயன் செய்து, அறுந்த பொத்தானைத் தைத்தவன் என்ற உரிமையில் இன்று அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் சிலர், "எந்தக் கம்பனி சேர்ட் நல்லது?" என்று கேட்பதுண்டு. கம்பனியின் பெயரைக் கடைசியாகப் பார்த்தாற் போதும் என்பதே எனது பதில். முதலில் பார்க்கவேண்டியது தோள். அடுத்தது கழுத்து. மூன்றாவது, சேர்ட்டின் உட்புறம்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு முதன்முதலில் முழுக்கைச் சேர்ட் தைத்தவர் தோளிலிருந்துதான் அளவெடுக்கத் தொடங்குவார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது, "தம்பி, மூச்சை இழுத்துப் பிடியாதையும். பெடியள் எல்லாரும் இஞ்சை வந்தால் பொலிஸ்காரர் மாதிரித்தான் நிக்கிறியள். வீட்டிலை நிக்கிறமாதிரி நில்லும்" என்றார். தையற்கலை பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த பாடம் அதுதான். உடை, நாங்கள் காட்ட விரும்பும் உடலுக்கன்றி, எங்களிடம் உள்ள உடலுக்கே பொருந்தவேண்டும்.

1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. நல்ல பருத்தித் துணி கிடைப்பதே அரிது. ரெட்ரோன் என்று நாங்கள் அழைத்த பொலியெஸ்ரர் கலப்புத் துணி யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாற் கொண்டாட்டம். அது கசங்காது, விரைவில் உலரும். ஆனால் கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையை உள்ளேயே வைத்திருந்து, மதியத்தின் பின்னர் பக்கத்தில் இருப்பவருக்கும் அறிவித்துவிடும். பிற்காலத்தில் திறந்த பொருளாதாரத்துடன் றெடிமேட் சேர்ட்டுகள் வந்தன. தையற்காரரிடம் இரண்டு வாரம் நடக்கவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. அளவெடுக்கும் கையும் அத்துடன் போயிற்று.

றெடிமேட் சேர்ட்டில் உள்ள சிக்கல் இதுதான். கழுத்தளவு பதினைந்தரை அங்குலம் என்றால் நெஞ்சு இவ்வளவு, கை இவ்வளவு என்று ஒரு கற்பனை மனிதனை வைத்து வெட்டுகிறார்கள். கழுத்துப் பருத்து உயரம் குறைந்தவர், அந்தக் கற்பனை மனிதனின் நீண்ட கைகளையும் சேர்த்தே வாங்கவேண்டியிருக்கிறது. மேலைநாட்டுக் கடைகள் சிலவற்றில் கழுத்தளவுடன் கையளவும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாய்ப்பிருந்தால் அத்தகைய சேர்ட்டையே வாங்கவேண்டும். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று எழுத்துக்களில் மனிதகுலத்தை அடக்கும் சேர்ட், வேலைக்குப் போகும் சேர்ட் ஆகாது.

பொருத்தம் பார்ப்பது கடினமன்று. தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் நிற்கவேண்டும். மேற்பொத்தானைப் பூட்டியபின் கொலருக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். கைமடிப்பு மணிக்கட்டு எலும்பைத் தொடவேண்டும். இறுதியாக, இரு கைகளையும் மேலே உயர்த்திப் பாருங்கள். சேர்ட் முழுவதும் காற்சட்டையிலிருந்து வெளியே வந்துவிட்டால் அக்குள் வெட்டு மிகத் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். பலரும் அக்குள் தாழ்வாக இருந்தாற் கை தாராளமாக அசையும் என்று நினைக்கிறார்கள். அளவாக உயர்ந்த அக்குளே கையை அசையவிட்டு உடற்பகுதியை அதன் இடத்தில் வைத்திருக்கும்.

எனது அலுமாரியில் இப்போது மூன்று வெள்ளை சேர்ட்டுகள் இருக்கின்றன. ஒன்று வெள்ளவத்தையில் அளவு கொடுத்துத் தைத்தது. ஒன்று கொழும்புக் கடையொன்றில் வாங்கிய றெடிமேட். மற்றையது லண்டனில் இருக்கும் உறவினர் அன்பளித்த விலைகூடிய சேர்ட். மூன்றையும் மாறிமாறி அணிந்து ஒரே வாளியில் தோய்த்து வந்திருக்கிறேன்.

தோளிலும் கையிலும் தையற்காரரின் சேர்ட்டை மற்றவை நெருங்கவில்லை. உட்புறத் தையல் அவ்வளவு நேர்த்தியில்லை. ஆனால் பக்கத் தையலில் கொஞ்சம் துணியை மடித்து விட்டிருக்கிறார், வயிறு வளர்ந்தாற் பிரித்துவிடலாம் என்று. வாடிக்கையாளரின் எதிர்காலத்தை இவ்வளவு கரிசனையோடு கணித்த வேறொருவரை நான் கண்டதில்லை.

கடையில் வாங்கிய சேர்ட்டின் கொலர் சில மாதங்களிற் கொப்புளித்துவிட்டது. கொலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியைப் பசையாலும் வெப்பத்தாலும் ஒட்டுவார்கள். பசை மலிவானால் தோய்க்கத் தோய்க்க அது பிரிந்து குமிழி விடும். அயன் செய்யத் தேவையில்லை என்று விளம்பரப்படுத்தும் சேர்ட்டுகளிலும் ஒரு விலை மறைந்திருக்கிறது. துணியைப் பிசினில் தோய்த்துச் சூடாக்கி இழைகளைப் பிணைப்பதால் கசங்காது. அதே காரணத்தால் பருத்தியின் வலு குறையும். கொலர் ஓரமும் கைமடிப்பும் முதலில் நைந்துபோகும்.

லண்டன் சேர்ட்டின் கை எனக்கு ஓர் அங்குலம் நீளம். ஆனால் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அங்குலத்துக்குப் பதினெட்டுக்குக் குறையாத தையல்கள். பக்கத் தையல் எங்கும் சுருங்கவில்லை. தோளின் பின்புறத் துண்டு நடுவில் இரண்டாக வெட்டிச் சரிவாக இணைக்கப்பட்டிருக்கிறது. பொத்தான்கள் சிப்பியில் செய்தவை. கன்னத்தில் வைத்தாற் குளிரும், பிளாஸ்ரிக் குளிராது.

அந்தச் சேர்ட்டின் பக்கத் தையலில் ஒரு சிறிய துண்டு இருந்தது. அதில் 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குப் போனது. கோட்டா முறை 2005 ஜனவரி 1இல் முடிவுக்கு வந்தபோது இத்தொழில் அழிந்துவிடும் என்று எதிர்வு கூறியவர்களின் அறிக்கைகளை நாங்கள் செய்தியாக்கினோம். அழியவில்லை. 2010இல் ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை நிறுத்தப்பட்டு 2017இல் மீண்டும் கிடைத்தது. போர் முடிந்தபின் கிளிநொச்சிக்கும் தொழிற்சாலைகள் வந்தன. இந்தச் செய்திகளில் எல்லாம் ஏற்றுமதி வருமானம் முதற்பந்தியிலும், தைக்கும் பெண்கள் கடைசிப் பந்தியிலும் இருந்தார்கள்.

துணியின் பெரும்பகுதி இறக்குமதி. வடிவமைப்பு வெளிநாட்டுக்காரருடையது. பெயரும் அவருடையதே. அந்தச் சேர்ட்டில் எங்களுடையது விரல்கள்தான். ஒரு முழுக்கைச் சேர்ட்டின் தையல் நேரத்தைத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடங்கள் என்று நிமிடக் கணக்கிற் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு பெண் நாள் முழுவதும் கொலரை மட்டும் பொருத்துகிறாள். இன்னொருத்தி கைமடிப்பை மட்டும் தைக்கிறாள். கோணல் விழுந்தால் திருப்பி அனுப்புவார்கள். நேராக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவள் தைத்த சேர்ட்டை லண்டனில் விற்கும் விலைக்கு வாங்க அவளாலும் முடியாது, அவளைப் பற்றிச் செய்தி எழுதிய எனது சம்பளத்தாலும் முடிந்ததில்லை.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். தோளும் கழுத்தும் பொருந்தும் நடுத்தர விலைச் சேர்ட்டை வாங்குங்கள். தோளைப் பின்னர் திருத்துவது கடினம். கை நீளத்தையும் இடுப்பையும் அருகிலுள்ள தையற்காரர் சிறு தொகைக்குத் திருத்திவிடுவார். விலைகூடியதை வாங்கி அப்படியே மாட்டிக்கொள்வதைவிட அது நன்றாக இருக்கும்.

வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். விலைச்சீட்டைக் கடைக்காரர் எழுதுகிறார். தையலை எழுதியவர் வேறொருவர். அது நேராக இருந்தால், அதற்குரிய கூலி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவையாவது அந்தக் கடையிற் கேளுங்கள். பதில் கிடைக்காமற் போகலாம். ஆனால் பலர் கேட்கத் தொடங்கினாற் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி அது.