நாய்களுக்கு ஓர் இல்லம், ஒரு கல்லறைத் தோட்டம்

இலண்டன் மாநகரைக் காணச் செல்வோர் அரண்மனையையும் அருங்காட்சியகங்களையும் கண்டு திரும்புவர். தேம்சு நதியின் தென்கரையில், பழைய மின்நிலையத்தின் நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகளுக்கு அருகே, இருப்புப் பாதையை ஒட்டி நிற்கும் பேட்டர்சீ நாய் இல்லத்தைத் தேடிச் செல்வோர் சிலரே.

இவ்வில்லம் ஒரு நாயின் சாவிலிருந்து தோன்றியது. பசியால் குற்றுயிராய்க் கிடந்த தெருநாய் ஒன்றை ஒரு பெண்மணி தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றார் என்றும், அவருடைய தோழி மேரி டீல்பி அம்மையார் அதனைப் பரிவோடு பேணியும் அது பிழைக்கவில்லை என்றும் கூறுவர். அத்துயரம் அம்மையாரை வாளாவிருக்க விடவில்லை. 1860-ஆம் ஆண்டில், வட இலண்டனிலுள்ள ஹாலோவேயில், ஒரு குதிரை லாயத்தில் திக்கற்ற நாய்களுக்குப் புகலிடம் தொடங்கினார். மனிதருக்கே வீடில்லாத நகரில் நாய்க்கு வீடா எனப் பலர் நகைத்தனர்; ‘டைம்ஸ்’ நாளிதழும் எள்ளி எழுதியது. 1865-இல் அம்மையார் மறைந்தார். 1871-இல் இல்லம் பேட்டர்சீக்கு இடம் பெயர்ந்தது. அக்காலத்தில், தேடுவாரற்ற நாய்கள் பல கொல்லப்பட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் இன்றுவரை 30 இலட்சத்திற்கு மேற்பட்ட உயிர்கள் இவ்வில்லத்தின் வாயிலைக் கடந்துள்ளன.

வழிதவறிப் பிடிபட்ட நாயை உரியவர் தேடி வருவதற்காக 7 நாள்கள் வைத்திருப்பது அந்நாட்டுச் சட்டம். எவரும் வாராவிடில் புதிய குடும்பம் தேடப்படும். வீட்டில் குழந்தைகள் உண்டா, பகலில் உடனிருப்பவர் யார் என்றெல்லாம் வினவிய பின்னரே நாயை ஒப்படைப்பர். முதிய நாயை விரும்பி அழைத்துச் செல்வோரும் உளர். அதனோடு வாழும் ஆண்டுகள் சிலவே என்பதை அவர்கள் அறிந்தே வருகின்றனர்.

இங்கிருந்து செல்சீ பாலத்தைக் கடந்து வடக்கே ஒரு மணி நேரம் நடந்தால், ஹைடு பூங்காவின் விக்டோரியா வாயிலை அடையலாம். வாயிற்காவலர் குடியிருப்பின் பின்புறம், செடிகொடிகளிடையே நூற்றுக்கணக்கான சிறு கல்லறைகள் நெருங்கி நிற்கின்றன. 1881-இல் ‘செர்ரி’ என்னும் சிறு நாய் இறந்தபோது, அது ஓடி விளையாடிய பூங்காவிலேயே அடக்கம் செய்ய வேண்டுமென ஒரு குடும்பம் காவலரை வேண்டிற்று, அவரும் இசைந்தார். அதன்பின் மற்றவரும் வந்தனர். 1903-இல் இத்தோட்டம் மூடப்பட்டது. முழங்கால் உயரமும் இல்லாத அக்கற்களில் செல்லப் பெயர்களும் பிரிவுத் துயரமும் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் செல்வர் வீட்டு நாய்களே இங்கு இடம்பெற்றன. ஆனால் துயரம் செல்வருக்கு மட்டும் உரியதன்று.

நம் இல்லங்களில் நாய் இறந்தால், ‘நாய்தானே, இதற்கா அழுகை?’ என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். பள்ளி விட்டு வரும் வேளையில் வாயிலில் காத்திருந்த உயிர் இனி அங்கு இராது என்பது அக்குழந்தைக்குச் சிறிய செய்தியன்று. பெற்றோரே, அழுகிற பிள்ளையை அழ விடுங்கள். அடக்கம் செய்யும் இடத்திற்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். அதன் பெயரைச் சொல்லிப் பேச இடங்கொடுங்கள். கண்ணீரை நிறுத்துவதற்காக மறுநாளே வேறொரு குட்டியைக் கொண்டுவர வேண்டா. துயரம் ஆறிய பின், கேட்பாரற்ற இன்னோர் உயிரை ஏற்கும் எண்ணம் பிள்ளையிடமிருந்தே எழக்கூடும். டீல்பி அம்மையாருக்கும் அவ்வாறே நிகழ்ந்தது.