காலராவுக்கும் பூர்வீகம் உண்டு!

வயிற்றுப்போக்கு என்று போனால், என்ன கிருமி என்றுதான் டாக்டர் பார்ப்பார். எந்த ஊர்க் கிருமி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் 2010-ல் ஹைட்டி நாட்டு மக்கள் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

கரீபியன் கடலில் இருக்கும் ஏழை நாடு ஹைட்டி. 2010 ஜனவரியில் பெரிய பூகம்பம். அதே வருடம் அக்டோபரில் காலரா. அதற்கு முன் சுமார் நூறு வருடங்களாக அங்கே காலரா வந்ததாகப் பதிவே இல்லை! முதலில் ஆர்ட்டிபோனைட் ஆற்றுத் தண்ணீரைப் புழங்கியவர்கள்தான் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அந்த ஆற்றோடு சேரும் ஓர் ஓடையின் பக்கத்தில் ஐ.நா. அமைதிப்படை முகாம் இருந்தது. நேபாளத்தில் இருந்து வீரர்கள் புதிதாக வந்து இறங்கிய நேரம் அது. முகாமின் கழிவு தண்ணீரில் கலந்துவிட்டது என்றார்கள் ஊர்க்காரர்கள். கடலோர நீரில் இயற்கையாகவே வாழும் கிருமி பெருகியிருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் வாதிட்டார்கள்.

சாதாரண பரிசோதனை இந்த வழக்கைத் தீர்க்காது. நோயாளியின் மலத்தில் இருக்கும் கிருமியை வளர்த்து, நச்சை உண்டாக்கும் மரபணு அதில் இருக்கிறதா என்று பி.சி.ஆர். முறையில் பார்த்தால், "இது காலராதான்" என்று சொல்லலாம். அவ்வளவுதான். பூர்வீகம் தெரிய வேண்டுமானால் முழு டி.என்.ஏ.வையும் படித்தாக வேண்டும். அதில் சுமார் 40 லட்சம் எழுத்துகள்! கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அத்தனையும் நகலெடுக்கப்படுகிறது. எப்போதாவது ஒரு எழுத்துப் பிழை விழும். அந்தப் பிழை வாரிசுகளுக்கும் போகும். ஆக, இரண்டு கிருமிகளுக்கு நடுவே வித்தியாசம் எவ்வளவு குறைவோ, உறவு அவ்வளவு நெருக்கம்.

2010 முடிவதற்குள் முதல் ஒப்பீடு வந்துவிட்டது. ஹைட்டி கிருமி தென் அமெரிக்கக் கிருமியோடு ஒட்டவில்லை, தெற்காசியக் கிருமியோடு ஒட்டியது. 2011-ல் நேபாள நோயாளிகளிடம் எடுத்த 24 கிருமிகளைப் படித்தார்கள். அவற்றில் மூன்றுக்கும் ஹைட்டி கிருமிகளுக்கும் இருந்த வித்தியாசம் ஒன்றிரண்டு எழுத்துதான்!

இதனால் நேபாள வீரர்கள் குற்றவாளிகள் ஆகிவிட மாட்டார்கள். காலரா கிருமியைச் சுமப்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். மரபணு சொல்வது உறவை மட்டும்தான். கழிவு எப்படித் தண்ணீருக்குப் போனது என்பதை ஓடைக்கரையில் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்களும் முகாமையே காட்டினார்கள்.

ஆனாலும் 2013-ல் நஷ்ட ஈடு கோரிக்கையை, சட்டப் பாதுகாப்பைக் காட்டி ஐ.நா. நிராகரித்தது. பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். ஹைட்டியில் பரவிய அந்தக் காலரா சுமார் 8 லட்சம் பேரைத் தாக்கியது. பதிவான சாவு மட்டும் பத்தாயிரத்துக்குப் பக்கம்.

2019-க்குப் பிறகு மூன்று வருடம் காலரா இல்லை. 2022 அக்டோபரில் மறுபடி வந்தது. டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தால், அதே 2010 கிருமியின் நெருங்கிய சொந்தம்! பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுத்தமான குடிநீரும் கழிப்பறையும்தான் பன்னிரண்டு வருடம் ஆகியும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.