கிண்ணியாவிலே கலியாணப் பணம்

திருகோணமலையிலிருந்து தெற்கே செல்லும் பிரயாணி, கிண்ணியாவை அடையுமுன் 396 மீற்றர் நீளமான பாலம் ஒன்றைக் கடக்கிறான். வலப்புறம் தம்பலகாமக் குடா. இடப்புறம் கொட்டியாரக் குடா. 2009ஆம் ஆண்டில் இப்பாலம் திறக்கப்படுமுன், ‘பாதை’ என இப்பகுதியார் அழைக்கும் மிதவையிலேதான் அக்கரை சேர வேண்டும். பட்டுடுத்திய பெண்களும் பலகாரப் பெட்டிகளும் பாதையேறிச் சென்ற காலத்தை நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர்.

வயலும் மீன்பிடியும் எருமைத் தயிரும் இவ்வூரின் செல்வங்கள். வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆலங்கேணி போன்ற தமிழ்க் கிராமங்களும் அருகே உள்ளன. கிழக்கிலங்கையில் இரு சமூகத்தாருக்கும் பொதுவான வழக்கம் ஒன்றுண்டு. கலியாணமானதும் பெண் புகுந்த வீடு செல்வதில்லை; மாப்பிள்ளையே பெண் வீட்டில் வந்து குடியேறுகிறான். ஆகவே மகளைப் பெற்றவர், அவளுக்கென ஒரு வீடு கட்டி முடிக்கும்வரை நிம்மதியாக உறங்குவதில்லை.

இந்தப் பின்னணியை அறிந்தால்தான், இங்கே கலியாணத்தில் கைமாறும் பணத்தின் தன்மை விளங்கும். அப்பணம் ஒரு வகையினதன்று. மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது; அது அவளுடைய உரிமை. கைக்கூலி என்பது பெண் வீட்டார் மணமகனிடம் கொடுப்பது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதனையும் மணமகளின் உபயோகத்துக்காகக் கொடுக்கப்படுவது என்றே வரையறுக்கிறது. ‘மாப்பிள்ளைக்கு விலை’ என்று எண்ணிச் செலவழித்துவிடுவோர் இதனைக் கவனிப்பது நலம். மூன்றாவது, விருந்தினர் கொண்டுவரும் அன்பளிப்பு. அதற்குச் சட்டமில்லை, மரியாதை ஒன்றே அளவுகோல். ஆனால் சட்டமில்லாத இடத்திலேதான் மனிதர்க்குச் சங்கடம் அதிகம்.

“எவ்வளவு வைப்பது?” என்ற கேள்வி, அழைப்பிதழ் வந்த அன்றே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அவர்கள் நமக்கு எவ்வளவு தந்தார்கள் என்று பழைய கொப்பியைப் புரட்டுவோரும் உண்டு. தமிழ்நாட்டில் இக்கணக்கு மொய் என்ற பெயரில் வெளிப்படையாகவே நடைபெறுகிறது. பந்தலில் ஒருவர் அமர்ந்து பெயரையும் தொகையையும் எழுதுகிறார். பேராவூரணி, கீரமங்கலம் பகுதிகளில் மொய் விருந்து என்றே தனியாக நடத்திப் பணம் திரட்டுகின்றனர். பெற்றவர் பின்னர் கூட்டித் திருப்பித் தருவது அங்கே முறை. அது ஒருவகைச் சேமிப்பு. எழுதி வைப்பதால் அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. அன்பளிப்பு என்று உறையின்மேல் எழுதிவிட்டு மனத்துக்குள் கணக்கு வைப்பதுதான் பொல்லாதது.

அன்றியும், அக்கணக்கு சரிவருவதுமில்லை. 2022ஆம் ஆண்டில் இலங்கை ரூபாயின் மதிப்பு சரிந்தது. டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறிற்று. 2019இல் ஒருவர் வைத்த ஆயிரத்துக்கு 2023இல் ஆயிரத்தைத் திருப்பி வைத்தவர் கடனைத் தீர்த்தவரா, தீர்க்காதவரா? எந்தக் கொப்பி இதற்கு விடை சொல்லும்?

ஜப்பானியர் மணவீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் புத்தம்புதிய தாள்களையே வைப்பர். இரண்டாகப் பிரியக் கூடாதென்று ஒற்றைப்படைத் தொகையையே விரும்புவர். நம்மவர் நூற்றொன்று, ஆயிரத்தொன்று என ஒன்றைக் கூட்டி வைக்கிறோம். தொகையைவிட அதை வைக்கும் முறையிலே எல்லா நாட்டாருக்கும் கவனமிருக்கிறது.

கிண்ணியாப் பெரியவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினேன். “தம்பி, கலியாணத்தண்டு குடுக்கிற காசு பந்தலுக்கு அழகு. பத்து நாளைக்கு முந்திக் குடுத்தாத்தான் அடுப்புக்கு உதவும்” என்றார். என் அபிப்பிராயமும் அதுவே. அரிசிக்கும் ஓட்டுக்கும் சீமெந்துக்கும் கடன்பட்டு நிற்கும் வீட்டுக்கு, விருந்து முடிந்தபின் திறக்கப்படும் உறை காலங்கடந்து வருகிறது. நெருங்கிய உறவினர் ஓர் இரவில் சந்தடியின்றிச் சென்று, வீட்டுக்காரியின் கையில் கொடுத்து வருவதே உதவி. முற்காலத்தில் நெல்லும் தேங்காயும் தயிர்ச் சட்டியும் முன்கூட்டியே வந்து இறங்கியதன் பொருள் இதுதான் போலும்.

பந்தலில் கொடுப்பதாயின், ஸலாம் சொல்லி மணமகன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பெண்கள் மணமகளிடம் கொடுப்பர். உறையின்மேல் பெயர் இருக்கலாம், தொகை வேண்டாம். விருந்தினர் கலையுமுன் வீட்டார் உறையைப் பிரித்தல் மிகப் பெரிய அநாகரிகம். அதைவிடப் பெரியது, வெறுங்கையோடு வந்தவரை யாரெனப் பார்த்து வைத்தல்.

இலங்கை முஸ்லிம் விருந்துகளிலே சகன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து உண்பர். பத்தாயிரம் வைத்தவரும் ஒன்றும் வைக்காதவரும் ஒரே சோற்றுக் குவியலில் கையிடுகின்றனர். எவர் பங்கு எவ்வளவென்று தட்டில் கோடில்லை. இத்தகைய விருந்துக்கு, உறைக்கு வழியில்லையே என்று நாணி ஒருவர் வாராதிருந்தால், குறை அவருடையதன்று. அப்படி நாணும்படி ஊரை வைத்திருப்போருடையது. சிலர் அழைப்பிதழிலேயே அன்பளிப்புகளைத் தவிர்க்குமாறு அச்சிடுகின்றனர். அப்படி எழுதியிருந்தால் எழுதியபடியே நடக்க வேண்டும். அதையும் மீறி மணமகன் சட்டைப்பையில் உறையைத் திணிப்பது அன்பாகாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தோழனின் அக்காவுக்குக் கலியாணம் என்றால் வாப்பாவிடம் தனித்தனியே பணம் கேட்டு நிற்க வேண்டாம். ஐந்தாறு பேர் சேர்ந்து இயன்றதை ஒரே உறையில் இட்டு, எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பிறகு பரிமாறும் வரிசையில் நின்று, தண்ணீர்க் குவளையாவது எடுத்துக் கொடுங்கள்.