பண்ருட்டிப் பக்கத்துத் தீபாவளி டப்பா

விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம் போகும் சாலையில், பண்ருட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மண் சிவக்கத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் கிளை தாழ்ந்த முந்திரி மரங்கள். கோடையில் இந்த வழியாகப் போனவர்களுக்குப் பலாப்பழ வாசனைதான் நினைவில் இருக்கும். ஐப்பசியில் பலா கிடையாது. காடாம்புலியூர் பக்கம் சாலையோரக் கடைகளில் அப்போது முந்திரிக்குத்தான் முதல் வரிசை. காரை நிறுத்துகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றேதான்: "தீபாவளிக்குக் கொடுக்கணும். வெள்ளையா, முழுசா இருக்கா?"

வெள்ளையாக, முழுசாக. கடைக்காரர் எடுத்துக் காட்டுவது 240 அல்லது 320. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதன் கணக்கு அது. எண் சிறிதாக ஆகப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. உடைந்தவை தனி மூட்டை. பாதி, துண்டு, குருணை என்று விலை இறங்கிக்கொண்டே போகும்.

அந்தப் பருப்பு முழுசாக வெளியே வருவது லேசான காரியமில்லை. பழத்துக்கு வெளியே கொட்டை துருத்திக்கொண்டு நிற்பதால்தான் 'முந்திரிக்கொட்டை மாதிரி' என்று ஊரெல்லாம் கேலி பேசுகிறது. ஆனால் அந்தக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் கறுப்பு எண்ணெய் கேலிக்குரியது அல்ல. பெயின்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் பயன்படும் அந்த எண்ணெய், தோலில் பட்டால் வெந்து உரிந்துவிடும். கொட்டையை நன்றாக வெயிலில் காயவைத்து உடைப்பது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். இப்போது மெஷின்களும் வந்துவிட்டன. ஆனாலும் உடைப்பிலும் தோல் எடுப்பதிலும் பெண்களின் கைதான் அதிகம். நாலு கிலோ கொட்டை உடைத்தால் சுமார் ஒரு கிலோ பருப்பு தேறும். கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும், சீசன் முடியும்போது விரல் நுனிகள் கறுத்துத்தான் இருக்கும்.

2025-ல் பண்ருட்டி முந்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லி விற்க அது உதவும். ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் கொட்டைகளும் இங்கே உடைபடுகின்றன என்பதால், அந்த வித்தியாசம் தெரிவது நல்லதுதான். விரல் கறுப்புக்கு மட்டும் இன்னும் ஒரு குறியீடும் வரவில்லை.

இப்படி உடைப்புக்குப் போகும் வீடுகளில் தீபாவளிக்கு வறுபடுவது 240 அல்ல, பாதியும் துண்டும்தான். சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓட்டு வீடு ஒன்றில், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே அந்த அம்மா உடைப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். கை ஆற வேண்டும். அதே கையால்தான் மகள் வீட்டுக்கும், அண்ணன் வீட்டுக்கும், மகனின் முதலாளி வீட்டுக்கும் டப்பா நிரப்ப வேண்டும்.

உடைந்த பருப்பு என்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. காரம் ஏற்றுவதற்கு முழுப்பருப்பைவிடப் பாதிதான் தோது. பிளந்த முகத்தில் உப்பும் மிளகும் ஒட்டிக்கொள்ளும். முழுசின் வழவழப்பில் நிற்காமல் டப்பாவின் அடியில் போய்த் தங்கிவிடும். விலையும் குறைவு. கடையில் வெள்ளையையும் முழுசையும் தேடுகிறவர்கள் வீட்டில் மசாலா முந்திரி செய்யப் போகிறார்கள் என்றால், அது வீண் செலவு.

அவர் செய்வது எளிமைதான். கால் கிலோ பாதிப்பருப்புக்கு முக்கால் டீஸ்பூன் உப்பை இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, பிசிறி, கால் மணி நேரம் வைக்கிறார். உப்பு உள்ளே இறங்கிவிடும். பிறகு அடிகனமான வாணலியில், சிறு தீயில், கை நிறுத்தாமல் வறுவல். முதலில் ஈரம் போகும், அப்புறம் வாசனை வரும், அப்புறம்தான் நிறம். பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் ஆகும். நிறம் வந்த பிறகு இறக்கலாம் என்று நின்றால் தீர்ந்தது. முந்திரி இறக்கிய பிறகும் தன் சூட்டிலேயே சிவக்கும். வெளிர்பொன்னாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

காரம் அதற்குப் பிறகுதான். ஒரு டீஸ்பூன் நெய், ஒரு டீஸ்பூன் கொரகொரப்பான மிளகுத்தூள், தனியாக மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிய ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. எரியும் அடுப்பில் தூளைப் போட்டால் அது கருகி, வீடே இருமும். மருமகளுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமும் இதுதான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டு டப்பாவுக்கு இன்னொரு வகை. வறுத்த கால் கிலோ பருப்புக்கு 125 கிராம் வெல்லம். கரைத்து வடிகட்டி, கடலைமிட்டாய்க்கு வைப்பதுபோல் பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டினால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். அரை டீஸ்பூன் சுக்குத்தூளும் ஏலக்காயும் சேர்த்து, பருப்பைப் போட்டுப் புரட்டி, நெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு இருக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடுகிறார். பாகு இளகிவிட்டால் மிட்டாய் மழைக்காலத்தில் கையோடு வரும்.

மழைதான் இதில் பெரிய எதிரி. ஐப்பசி அடைமழையில் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் போதும், ராத்திரிக்குள் நமுத்துவிடும். சூடாக இருக்கும்போதே அடைத்தாலும் அதே கதி: உள்ளே வியர்த்துக்கொள்ளும். அதனால் விசிறிக் காற்றில் முழுக்க ஆறவைத்துத்தான் அடைப்பு. நன்றாக அடைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு நிற்கும். நமுத்துவிட்டால் காரப் பருப்பை வெறும் வாணலியில் இரண்டு நிமிஷம் புரட்டினால் போதும்.

இந்த வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோப்பும் உண்டு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தபோது, மாவட்டத்தின் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இவர்கள் தோப்பும் அதில் ஒன்று. முந்திரி வாழை மாதிரி இல்லை. ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்பு தொடங்க மூன்று வருஷம், நல்ல மகசூலுக்கு இன்னும் சில வருஷம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரகத்தில் பத்துக் கன்றுகளை வாங்கி வைத்துவிட்டு, அந்த அம்மா அடுத்தவர் கொட்டையை உடைக்கப் போனார். அதுவரை தன் மரத்துப் பருப்பைத்தான் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அடுத்த தீபாவளிக்கு டப்பா போகாது என்றுதான் சென்னையில் இருக்கும் மகளும் நினைத்திருந்தாள். போயிற்று. உடைக்கப் போன இடத்தில் கூலியோடு கழித்து வாங்கிய துண்டுப்பருப்பு, அதே மிளகு, அதே கறிவேப்பிலை. டப்பா மட்டும் ஒரு அளவு சின்னது. துண்டைப் பார்த்ததுமே மகளுக்குப் புரிந்துவிட்டது. போனில் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. காரம் கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் மகள் சொன்னாள்.

கன்றுகள் இப்போது மரங்கள். மாசியில் தொடங்கிச் சித்திரை வரை விழும் கொட்டையைப் பொறுக்கி, காயவைத்து, சாக்கில் கட்டி, ஒரு மூட்டை மட்டும் விற்காமல் பரண் மேல் ஏறுகிறது. புரட்டாசி கடைசியில் அதை இறக்கி, அவரே உட்கார்ந்து உடைக்கிறார். முழுசாக வருவதைக் கடைக்குக் கொடுத்துவிட்டு உடைந்ததை வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் மாறவில்லை. மகளும் அதைத்தான் கேட்கிறாளாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மகள் அந்தக் காலி டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். நல்ல இறுக்கமான மூடி உள்ள டப்பா, அடுத்த வருஷத்துக்கு வேண்டும்.