மஞ்சப் பையும் ஒரு தாளும்

நாளைக்கு அம்மாவ முதல் தடவையா தனியார் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.
டோக்கன் 14.

இத்தனை வருஷமா அரசு ஆஸ்பத்திரிதான். சுகர், பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்துரும். 2021-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துக்கு எங்க வீடு கடன்பட்டிருக்கு.

ராத்திரி மஞ்சப் பையில எல்லாத்தையும் எடுத்து வச்சேன்.
பழைய சீட்டு, ஈசிஜி, மாத்திரை அட்டை.
வெறும் பேரைச் சொன்னா பத்தாது, அட்டையவே காட்டணும். மெட்ஃபார்மின்லயே 500 இருக்கு, 1000 இருக்கு.
வெறும் வயித்து சுகர் பாக்கச் சொன்னா 8 மணி நேரமாவது சாப்பிடாம இருக்கணும். அதனால இட்லிய டப்பாவுல கட்டிக்கணும், ரத்தம் குடுத்ததும் சாப்பிட.

டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியத ஒரு தாள்ல எழுதலாம்னு உக்காந்தேன்.
"என்னம்மா செய்யுது?"
"ராத்திரியானா பாதம் எரியுதுப்பா. தூக்கமே இல்ல."
"எத்தன நாளா?"
"தீபாவளிக்கு முந்தியே இருந்துச்சு."

ஒரே வீட்டுலதான் இருக்கோம். அடுத்த ரூம்லதான் படுக்கிறேன்.
நெஞ்சு கனத்துப் போச்சு.

தாள்ல முதல் வரியா அதத்தான் எழுதினேன்.

உங்க அம்மாகிட்ட கடைசியா எப்பக் கேட்டீங்க?