விலை தொண்ணூற்றொன்பது ஃபிராங்கு

சொல்லை விற்றுப் பிழைத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அரசனைப் பாடிப் பரிசில் பெற்ற புலவனும், சந்தையில் நின்று மருந்தின் மகிமையைக் கூவியவனும், வழக்கில் ஒரு பக்கம் நின்று வாதாடியவனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆனால், தான் விற்ற சொல்லையே பின்னர் குற்றக் கூண்டில் ஏற்றி, அதற்கு எதிராகத் தானே சாட்சி சொன்னவர்கள் மிகச் சிலர். அத்தகைய சாட்சியம் ஒன்றைப் பிரெஞ்சு மொழியில் நாவலாகவும் திரைப்படமாகவும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ‘99 ஃபிராங்கு’ என்பது அதன் பெயர். அதை உருவாக்கியவர்கள் யாவர், எங்கிருந்து வந்தவர்கள் என்று விசாரிக்கப் புகுந்தபோது, கதையைக் காட்டிலும் அவர்களுடைய வரலாறு நம் சிந்தனையை அதிகமாகக் கிளறிவிட்டது.

முதலில் நூலாசிரியரைப் பார்ப்போம். ஃபிரெடெரிக் பெக்பெடே 1965ஆம் ஆண்டில் பாரிஸை அடுத்த நெய்யி நகரில் பிறந்தவர். சுமார் பத்தாண்டுக் காலம் யங் அண்ட் ரூபிகாம் என்னும் பெரிய விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் பணியில் இருந்தார். நல்ல ஊதியம், நல்ல உடை, நகரத்தின் சிறந்த விடுதிகளில் விருந்து என்று வாழ்ந்த அவர், 2000ஆம் ஆண்டில் தம் தொழிலின் உட்புறத்தை அம்பலப்படுத்தும் ஒரு நாவலை எழுதினார். கிராஸ்ஸே பதிப்பகம் அதை வெளியிட்டது. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்காகவே இந்நூலை எழுதுகிறேன் என்று கதை சொல்பவன் தொடக்கத்திலேயே அறிவிக்கிறான். தானாக விலகினால் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பது அவன் கூறும் காரணம்! கதையில் சொன்னது வாழ்விலும் நிகழ்ந்தது. அதே ஆண்டில் நிறுவனம் பெக்பெடேயைப் பணிநீக்கம் செய்தது. நூலோ ஏராளமாக விற்றது.

நாவலின் பெயரும் கவனிக்கத்தக்கது. நூலின் விலையே நூலின் பெயர். நூறு என்று சொல்லாமல் தொண்ணூற்றொன்பது என்று சொல்வது வணிகரின் பழைய உத்தி என்பதை நம் ஊர்ச் செருப்புக் கடைக்குச் சென்றுவந்த சிறுவனும் அறிவான். 2002ஆம் ஆண்டில் பிரான்சில் ஃபிராங்கு போய் யூரோ புழக்கத்துக்கு வந்தபோது நூலின் பெயரும் ‘14.99 யூரோ’ என்று மாறியது. கணக்குப்படி 99 ஃபிராங்குக்குப் பதினைந்து யூரோவுக்குச் சற்று மேலாகவே வர வேண்டும். ஆயினும் பதினைந்தைத் தொடாமல் நிறுத்திவிட்டார்கள்! ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு ‘39.90’ என்பது பெயர். ஆங்கிலத்தில் அது ‘9.99 பவுன்’ ஆயிற்று. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்நாட்டு விலைச் சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியும் நூல் இது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இந்த நாவல் 2007ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திரைப்படமாக வெளிவந்தது. இயக்கியவர் யான் கூனென். நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் நகரில் 1964இல் பிறந்த இவர், முன்னரே ‘டோபர்மன்’ (1997), ‘புளூபெர்ரி’ (2004) ஆகிய படங்களை எடுத்தவர். விளம்பரப் படங்களும் இயக்கியவர். பெரு நாட்டின் ஷிப்பிபோ மக்களிடம் சென்று தங்கி அவர்களுடைய மருத்துவச் சடங்குகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். கேரளத்து மாதா அமிர்தானந்தமயியைப் பற்றி 2005ஆம் ஆண்டில் ‘தர்ஷன்’ என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார். ஒரு பக்கம் சந்தையின் மினுமினுப்பு, மறுபக்கம் சந்தைக்கு அப்பால் எதையோ தேடும் தாகம் என்று இரண்டுக்கும் நடுவில் நின்ற மனிதர் என்று இவரைச் சொல்லலாம்.

திரைக்கதையில் கைகொடுத்தவர்கள் நிக்கோலா சார்லே, புரூனோ லவேன் என்ற இரட்டையர். பிரான்சில் ‘நிக்கோலாவும் புரூனோவும்’ என்றே இவர்களை அழைப்பார்கள். கனால் பிளஸ் தொலைக்காட்சியில் இவர்கள் நடத்திய ஒரு நகைச்சுவைத் தொடர் பெயர் பெற்றது. நிறுவனங்கள் தம் பெருமை பேசுவதற்காக எடுத்துவைத்திருந்த பழைய படங்களைத் தேடி எடுப்பார்கள். காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் நீக்கிவிட்டுத் தம்முடைய பேச்சை ஒட்டுவார்கள். மேலாளர் கம்பீரமாக நடந்து வருவார். வாயிலிருந்து அபத்தம் உதிரும்! அலுவலக வாழ்வை எள்ளி நகையாடிய ஆங்கிலத் தொடர் ஒன்றை 2006இல் பிரெஞ்சுக்கு மாற்றித் தந்தவர்களும் இவர்களே. நிறுவனங்களின் மொழி எவ்வளவு எளிதில் வெறும் ஓசையாகிவிடும் என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் இவர்களுடையவை.

கதையின் நாயகன் ஒக்தாவ் பரங்கோ. அவன் வேலை செய்யும் விளம்பர நிறுவனத்தின் பெயரில் ‘விட்ச்கிராஃப்ட்’ என்ற சொல் இருக்கிறது. சூனியம் என்பது அதன் பொருள். நாவன்மையில் ஒருவகைச் சூனியம் உண்டு என்ற நபிமொழியை அறிந்த நம் வாசகர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. மதோன் என்ற உணவு நிறுவனம் ஸ்தார்லெத் என்னும் தயிரை விற்க வேண்டும். அதற்கு ஒக்தாவ் விளம்பரம் எழுத வேண்டும். நடுவில் போதைப்பொருளும் கேளிக்கையும். சோஃபி என்ற பெண்ணை நேசிக்கிறான். அவள் தாயாகப் போவதை அறிந்ததும் பொறுப்புக்கு அஞ்சி விலகுகிறான். படத்தின் தொடக்கத்திலேயே, கொட்டும் மழையில், உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் உயிரை விடத் துணிந்தவனாக அவனைக் காண்கிறோம். அவன் அங்கே வந்து நின்றது எப்படி என்பதே மீதிக் கதை.

ஒக்தாவாக நடித்தவர் ழான் துஜார்தான். அப்போது அவர் நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்டிருந்தார். பின்னர் ‘தி ஆர்ட்டிஸ்ட்’ என்ற பேசாப்பட நடிப்புக்காக 2012ஆம் ஆண்டில் ஆஸ்கார் விருது பெற்றார். சிறந்த நடிகருக்கான அவ்விருதைப் பெற்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவரே. அவனுடைய கூட்டாளி சார்லியாக நடித்தவர் ழோஸ்லின் கிவ்ரான். வளர்ந்துவந்த அந்த இளைஞர் 2009ஆம் ஆண்டு நவம்பரில், தம் முப்பதாம் வயதில், பாரிஸை அடுத்த சுரங்கச் சாலையில் நேர்ந்த கார் விபத்தில் மாண்டார். சோஃபியாக வஹினா ஜியோகாந்த், தாமராவாக எலிசா தொவாத்தி. தயிர் நிறுவனத்தின் அதிகாரி தியூலராக நிக்கோலா மாரியே நடித்திருக்கிறார். விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லையும் அஞ்சி அஞ்சிக் குறைத்து, உயிரை உறிஞ்சிவிட்டு, எஞ்சிய சக்கையை ‘நன்று’ என்று ஏற்றுக்கொள்ளும் அந்த அதிகாரியை நாம் எல்லோரும் ஏதோ ஓர் அலுவலகத்தில் சந்தித்திருக்கிறோம். நூலாசிரியர் பெக்பெடேயும் படத்தில் சில கணங்கள் முகம் காட்டுகிறார்.

குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க படம் அன்று இது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். போதையும் நாணமின்மையும் இதில் தாராளமாகக் காட்டப்படுகின்றன. ஆயினும் இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

நம்மிடம் அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்ற மாணவர் ஒருவர் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறார். சொல்லின் எடை அறிந்த பிள்ளை. ஒருநாள் அவருடைய தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். “ஹஜ்ரத், மகன் அனுப்புகிற பணத்தில்தான் வீடு நடக்கிறது. இளையவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறோம். இந்தச் சம்பாத்தியம் ஹலால்தானே?” என்று கேட்டார். கேள்வியில் இருந்த நடுக்கம் நம்மைத் தொட்டது. பையனை வரவழைத்துப் பேசினோம். “பொய் எழுதச் சொல்கிறார்களா?” என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “இல்லை உஸ்தாத். பொய் எழுதினால் சட்டம் பிடிக்கும். கேட்பவருக்கு ஏதோ குறை இருப்பதாக எண்ண வைக்கத்தான் சொல்கிறார்கள்” என்றார். இந்தப் படத்தை நமக்குப் போட்டுக் காட்டியவரும் அவரே.

அந்த ஒரு வாக்கியம் படத்தின் பூட்டைத் திறக்கும் சாவியாக அமைந்தது. மிகைப்படுத்திப் பேசுவதைப் பாவமென்று எந்த மொழியின் இலக்கியமும் ஒதுக்கியதில்லை. தமிழணி நூலார் அதை உயர்வு நவிற்சி என்பார்கள். அரபு அணி நூலார் முபாலகா என்பார்கள். மாம்பழம் விற்பவன் ‘தேன் தோற்கும்’ என்று கூவினால் கேட்பவன் சிரித்துக்கொண்டே வாங்குவான்; ஏமாறமாட்டான். அங்கே சொல் மாம்பழத்தை உயர்த்துகிறது; வாங்குபவனைத் தாழ்த்தவில்லை. ஒக்தாவின் தொழிற்கொள்கை வேறு. மனநிறைவுள்ள மனிதன் கடைக்கு வரமாட்டான். ஆகவே முதலில் அந்த நிறைவைக் கெடுக்க வேண்டும் என்பது அவன் கற்ற பாடம். தயிரை உண்ணும் பெண் எவ்வளவு மெலிந்தவள், எவ்வளவு மகிழ்ந்தவள் என்று காட்டி, அதைப் பார்க்கும் பெண்ணைத் தன் உடலைத் தானே வெறுக்கச் செய்வது அவன் கலை. தயிரில் குற்றமில்லை, தயிரைப் பற்றிய சொல்லிலும் பிடிபடக்கூடிய பொய்யில்லை. ஆனாலும் ஒரு களவு நடந்துவிட்டது. களவுபோனது, பார்த்தவளின் மனநிறைவு.

இங்கே நமக்கு ஹரீரியின் மகாமாத் நினைவுக்கு வருகிறது. மதரஸாவில் அமர்ந்து அதன் சொற்சிலம்பத்தில் திணறாத மாணவர் உண்டோ! 1122ஆம் ஆண்டில் மறைந்த பஸ்ரா அறிஞர் ஹரீரியின் அந்நூலில் ஐம்பது கதைகள். ஸரூஜ் நகரத்து அபூஸைத் ஊர் ஊராகச் செல்கிறான்; வேடம் மாற்றிக்கொண்டு, அடுக்கு மொழியில் பேசி, கூட்டத்தாரின் பையைக் கரைத்துவிட்டு மறைகிறான். அவனும் சொல்லை விற்றவனே. ஆனால், அவனிடம் காசை இழந்தவர்கள் அழகிய பேச்சைக் கேட்ட மகிழ்வோடு வீடு திரும்பினார்கள். ஏமாந்ததைத் தெரிந்துகொண்டபோதும் சிரித்தார்கள். தம்மிடம் இல்லாத குறையைச் சுமந்துகொண்டு எவரும் போகவில்லை. மேலும், ஐம்பதாம் கதையில் அவன் மனம் திருந்துகிறான். அவனைத் தேடி ஸரூஜுக்குச் செல்லும் ஹாரிஸ், இரவெல்லாம் தொழுகையில் நிற்கும் ஒரு துறவியைக் காண்கிறான்.

ஒக்தாவுக்கு அத்தகைய ஐம்பதாம் கதை வாய்க்கவில்லை. படத்துக்கு ஒன்றுக்கு இரண்டாக முடிவுகள் தந்திருக்கிறார்கள். இரண்டிலும் நமக்குத் திருப்தி இல்லை. 2007ஆம் ஆண்டிலேயே வெளிவந்த பெக்பெடேயின் மற்றொரு நாவலில் ஒக்தாவ் மீண்டும் தோன்றுகிறான். இப்போது உருசிய நாட்டில் விளம்பரத்துக்கு அழகிகளைத் தேடும் வேலை. அதை 2016இல் ‘லிதெயால்’ என்ற படமாகப் பெக்பெடே தாமே இயக்கினார். ஒக்தாவாக நடித்த துஜார்தானும் பின்னாளில் ஜார்ஜ் குளூனியோடு சேர்ந்து நெஸ்பிரெஸ்ஸோ காப்பி விளம்பரத்தில் தோன்றினார். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நடிகர்க்கு அது தொழில். ஆனால், விளம்பரத்தைச் சாடிய குரல்களையும் விலைக்கு வாங்கும் வன்மை விளம்பரத்துக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நூலை விற்றதும் விலைச் சீட்டின் கவர்ச்சிதானே!

அப்படியானால் இந்தச் சாட்சியம் செல்லாதா? செல்லும் என்பதே நம் கருத்து. களவின் வழி தெரிந்தவன் சொன்னால்தான் வீட்டுக்காரன் எந்தச் சாளரத்தை அடைக்க வேண்டும் என்று அறிவான். வெளியே நின்று விளம்பரத்தைத் திட்டுவோர் பலர். அது மனத்தின் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று காட்டியவர்கள் அதற்குள் இருந்து வெந்தவர்களே. படத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. விளம்பரத்தின் வேகமும் வண்ணமும் இவர்களுடைய கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. வெறுக்க வேண்டிய ஒக்தாவைத் துஜார்தானின் சிரிப்பு விரும்பத்தக்கவனாக ஆக்கிவிடுகிறது. படம் முடிந்து எழும் இளைஞர், இந்த வாழ்வு வேண்டாம் என்று எண்ணுவதற்குப் பதில், இப்படி ஒருநாள் வாழ்ந்து பார்த்தால் என்ன என்று எண்ணவும் கூடும்.

நம் மாணவருக்கு நாம் சொன்னது சிறிது. “தம்பி, பொருளின் நிறையை எழுது, வாங்குபவரின் குறையை எழுதாதே. கறுத்த முகம் நோயென்றோ, பழைய சட்டை இழிவென்றோ உன் பேனா சொல்ல வேண்டாம். அந்தக் கோட்டுக்கு இப்பால் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் எழுது” என்றோம். முகப்பூச்சு வேலை தம்மிடம் வந்தபோது அதை வேறொருவருக்கு மாற்றித்தரும்படி அவர் கேட்டுக்கொண்டார். அதனால் அவருக்கு வரவேண்டிய ஊதிய உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. தகப்பனாருக்கு அது தெரியும்; குறைபட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டில் நிற்பது எளிதென்று நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். மாதா மாதம் வாடகையும் கடனும் கதவைத் தட்டும் வீட்டில் அது ஒவ்வொரு மாதமும் புதிதாகச் செய்ய வேண்டிய முடிவு.

படத்தின் இறுதியில், ஆட்டமும் பாட்டும் அடங்கிய பின்னர், திரையில் வெறும் எழுத்துகள் வருகின்றன. உலகில் ஆண்டுதோறும் விளம்பரத்துக்காக 50,000 கோடி டாலர் செலவிடப்படுகிறது என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் உலகின் பசியைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றும் ஐக்கிய நாடுகளின் ஆய்வு ஒன்றைச் சுட்டி அவ்வெழுத்துகள் கூறுகின்றன. அங்கே அழகிய முகமில்லை, சிலேடையில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தம் வித்தை அனைத்தையும் காட்டியவர்கள், சொல்லியே ஆக வேண்டிய செய்தி வந்தபோது அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எளிய இரு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்கள். அந்த இரு வாக்கியங்களை வாங்கும்படி அவர்கள் யாரையும் கேட்கவில்லை.