தேய்மானமும் பெறுமானமும்

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கு அதிகாரி ஒருவர், 2025ஆம் ஆண்டின் கோடைக்காலம் முழுவதும் ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தேய்மானம். அச்சொல் அவருக்குப் புதிதன்று. இந்திய ரயில்வேயில் தேய்மானத்துக்கென்றே தனி ஒதுக்கு நிதி உண்டு. அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்தக் கணக்கைச் சுற்றியே கழிந்தது. ஆனால் அங்கே தேய்ந்தவை மெய்யாகவே தேய்ந்தன. சக்கரம் உருண்டு தண்டவாளம் தேய்ந்தது, சரக்குப் பெட்டி துருப்பிடித்து இற்றது. மே மாதக் கடைசி நாளில் ஓய்வுபெற்று, பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வந்தபின், மெர்சிடிஸ் பென்ஸ் வாங்கப்போவதாக அவர் வீட்டில் அறிவித்தார். தேயாத பொருளுக்கும் தேய்மானம் உண்டென்பதை அதன் பிறகுதான் எதிர்கொள்ள நேர்ந்தது.

ஆசை பழையது. 1995இல் புணேயில் பொருத்தப்பட்ட மெர்சிடிஸ் வண்டிகள் தில்லிச் சாலைகளில் தலைகாட்டத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயது. பேருந்தில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போன காலம். பிறகு மாருதி 800 வந்தது, மகளின் படிப்பு வந்தது, ஊரில் தங்கைகளின் திருமணங்கள் வந்தன. முப்பதாண்டுகள் காத்திருந்த ஒருவரிடம் போய், வேறொருவர் ஓட்டிக் கழித்த வண்டியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிதன்று. கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் மகள் அதைத்தான் சொன்னாள்.

அவள் கணக்கு எளிமையானது. அவர் விரும்பிய சி வகுப்புப் பெட்ரோல் வண்டி காட்சியகத்தில் ஏறக்குறைய 60 லட்சம். தில்லியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்குச் சாலை வரி நூற்றுக்குப் பத்து, அதாவது 6 லட்சம். காப்பீடு சுமார் 2 லட்சம். ஆக, சாலையில் இறங்கும்போது 68. மூன்றாண்டு ஓடிய அதே வண்டிக்குச் சந்தையில் 38 கேட்கிறார்கள். சாலை வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். அதே நகரில் கைமாறினால் மீண்டும் கட்ட வேண்டியதில்லை. வித்தியாசம் 30 லட்சம்.

இந்த 30 என்ற எண்தான் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகையும் அதே 30 லட்சம். வட்டி 8.2 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மகள் இதைச் சொன்னபோது, அதுவரை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் தம் பெயரில் ஒரு வருமானமும் இல்லாதவர் அவர். இரண்டு மூட்டுகளும் தேய்ந்திருப்பதாக மருத்துவர் சொல்லி இரண்டாண்டு ஆகிறது.

"ஏங்க, வட்டி என் கணக்குல விழுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. மாறாக, மகளிடம் ஒரு வலுவான வாதத்தை வைத்தார்: "நான் விக்கவே போறதில்லன்னா, விலை விழுந்தா எனக்கென்ன? தேய்மானம் விக்கிறவனுக்குத்தானே?"

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வண்டியைக் கடைசிவரை வைத்திருப்பவருக்கு இடைப்பட்ட ஆண்டுகளின் சந்தை விலை வெறும் செய்திதான். மகளின் மறுமொழியும் சரியானதே. விற்காதவருக்கு இழப்பு கண்ணில் படாமல் போகலாம். ஆனால் மூன்றாண்டு கழித்து வாங்குபவருக்குச் சலுகை வாங்கும் நாளிலேயே கிடைத்துவிடுகிறது, அதற்காக அவர் பின்னால் விற்க வேண்டியதில்லை. மேலும், கடைசிவரை வைத்திருப்பது அவர் கையில் மட்டும் இல்லை. தில்லியில் டீசல் வண்டிக்குப் பத்தாண்டு, பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்தாண்டு என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்து, உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த எல்லையாக அப்போது இருந்தது. அந்த ஜூலை முதல் தேதி, வயது கடந்த வண்டிகளுக்கு எரிபொருள் இல்லை என்ற ஆணை நடைமுறைக்கு வந்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் நல்ல நிலையிலிருந்த சொகுசு வண்டிகள் சில லட்சங்களுக்குக் கைமாறிய செய்திகளை நாளிதழ்கள் வெளியிட்டன. மூன்றாண்டு ஓடிய டீசல் வண்டிக்குத் தில்லியில் அப்போது மிச்சமிருந்தது ஏழாண்டு. அதே வயதுப் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு. டீசல் அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது.

இங்கே சொல்லின் பக்கம் சற்று ஒதுங்க வேண்டியிருக்கிறது. 'தேய்மானம்' என்பதில் தேய் என்ற வினையோடு நிற்பது, வருமானத்திலும் கட்டுமானத்திலும் நிற்கும் அதே ஈறு. சொல் பொருளைப் பார்க்கிறது. உரசிக் குறைவதைச் சொல்கிறது. சந்தனக் கட்டை தேயும், செருப்பு தேயும், நிலவுகூடத் தேயும். டிப்ரிசியேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பதோ லத்தீனில் விலையைக் குறிக்கும் சொல். பொருள் என்ன ஆனது என்பதைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. அதே ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவரை மட்டம்தட்டிப் பேசுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. இந்தியின் 'மூல்யஹ்ராஸ்' விலைக்குறைவு என்று நேராகவே சொல்லிவிடுகிறது. இலங்கைத் தமிழ் வணிகக் கல்வி நூல்களில் வழங்கும் 'பெறுமானத்தேய்வு' இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது: தேய்வது பொருளன்று, அதன் பெறுமானம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டன்று என்பதற்கு ஒரே வண்டியை மூன்று கோல்கள் அளக்கும் விதமே சான்று. மோட்டார் காப்பீட்டில் வழங்கும் அட்டவணைப்படி முதல் ஆறு மாதத்துக்கு 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15உம், இரண்டுக்குள் 20உம், மூன்றுக்குள் 30உம் கழிக்கப்படும். 60 லட்ச வண்டி மூன்றாம் ஆண்டில் 42 லட்சமாக நிற்கும். வருமான வரிச் சட்டமோ, தொழிலுக்குப் பயன்படும் காருக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 15 விழுக்காடு கழிக்க விடுகிறது: 51, பிறகு 43.35, பிறகு 36.85. சந்தை சொல்வது 38. மூன்று கோல்களில் ஒன்றுகூட வண்டியின் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. நிறுவனத்தின் பெயரில் வாங்குபவருக்கு அந்தக் கழிவு வரியைக் குறைக்கிறது. ஓய்வூதியக்காரருக்கு அது வெறும் இழப்பு. சொகுசு வண்டிகள் பலவும் மூன்றாம் ஆண்டில் சந்தைக்கு வருவதில் வியப்பில்லை. உற்பத்தியாளரின் உத்தரவாதமும் அந்த மூன்றாம் ஆண்டோடு முடிகிறது. வாங்குபவர் இதை மறக்கக்கூடாது.

மகள் ஜார்ஜ் அக்கர்லாஃபைக் கொண்டுவந்தாள். வாங்கி ஓரிரு நாளே ஆன கார்கூடப் புதுக்காரைவிட ஏன் இவ்வளவு மலிவாகிறது என்ற கேள்வியிலிருந்து புறப்பட்டு, 1970இல் வெளிவந்த கட்டுரை அது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே எல்லா வண்டிகளுக்கும் சந்தேகத்தின் விலையே கிடைக்கிறது. நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுகிறார். சந்தையில் சொத்தைகள் மிஞ்சுகின்றன. 2001இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. 1967-68இல் அவர் இதே தில்லியில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தவர்.

அப்பா சிரித்தார். "இதுக்கா நோபல்? எங்க தாத்தா மணப்பாறைச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுதான் மாட்டு மேல கை வைப்பாரு."

அக்கட்டுரையை இரண்டு இதழ்கள் அற்பமான செய்தி என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பின என்றாள் மகள். அவருக்கு அது பிடித்திருந்தது. அதன் பிறகுதான் பழைய வண்டி பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார்.

மேற்குத் தில்லியின் ஒரு விற்பனைக்கூடத்தில் முதல் வண்டி. அங்கே யாரும் 'பழைய' என்று சொல்வதில்லை, 'ப்ரீ ஓன்ட்' என்றே சொல்கிறார்கள். வாசலில் நிற்கும் தரகர் மட்டும் 'சலீ ஹுயீ காடீ', ஓடிய வண்டி, என்று நேர்மையாகப் பேசினார். வெள்ளை நிறம், 31,000 கிலோமீட்டர், கண்ணாடியாய்ப் பளபளத்தது. மகள் தரவுகளைப் பார்த்தாள்: பதிவு விவரம், எத்தனை கை மாறியது, வங்கிக் கடன் நிலுவை உண்டா, பராமரிப்புப் பதிவேடு. எல்லாம் ஒழுங்கு. அப்பா பேசாமல் பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு, முன்னிருக்கையின் அடியில் கைப்பேசி விளக்கை அடித்தார். இருக்கை நகரும் தண்டவாளத்தில், போல்ட்டுகளின் தலையில், செம்பழுப்புத் துரு. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தார்.

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்ட வாரத்தில் அவர் மயூர் விஹாரில் இருந்தவர். தண்ணீர் வடிந்தபின் வண்டிகளிலிருந்து எழுந்த அந்த நெடி அவருக்குப் பழக்கம். மேற்பூச்சைப் புதிதாக்கலாம், விரிப்பைத் துவைக்கலாம். இருக்கைக்கு அடியிலிருக்கும் போல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. இவ்வகை வண்டிகளில் கம்பி இணைப்புகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தாழ்வாகவே இருப்பவை. துணை மின்னோட்டத்துக்கு 48 வோல்ட் அமைப்பு வேறு. ஒருமுறை நீரில் நின்றது, எந்த நாளில் எந்த விளக்கை எரியவைக்கும் என்று சொல்ல இயலாது. விற்பனையாளர் மறுத்தார், பிறகு விலையில் 3 லட்சம் குறைத்தார், பிறகு தேநீர் வருவித்தார். அப்பா தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் மகள் பேசவில்லை. அவளுடைய அட்டவணையில் அந்த வண்டிக்கும் 38 என்றுதான் எழுதியிருந்தது.

இரண்டாவது வண்டி, மகளோடு பணிபுரிபவரின் உறவினரான மருத்துவர் ஒருவருடையது. ஒரே கை, 24,000 கிலோமீட்டர், உத்தரவாதத்தைப் பணம் கட்டி நீட்டித்திருந்தார். விலை 39 என்றார், சற்றும் இறங்கவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் சரக்கு சேவை வரிச் சீர்திருத்தம் பற்றிய அறிவிப்பு வந்தது. அப்பா முன்பணத்தை நிறுத்திவைத்தார். செப்டம்பர் 3 அன்று மன்றம் முடிவெடுத்தது. செஸ் உட்பட 45 முதல் 50 விழுக்காடு வரை இருந்த பெரிய கார்களின் வரி, செப்டம்பர் 22 முதல் 40. அவர் பார்த்துவைத்த புதுவண்டியின் விலை சுமார் 2 லட்சம் இறங்கியது. மருத்துவரின் வண்டி அந்த ஐந்து வாரமும் நிழலில் உறைபோட்டு நின்றது. ஒரு டயரின் ஒரு மயிரிழைகூடத் தேயவில்லை. ஆனால் அதன் பெறுமானமும் புதுவண்டியோடு சேர்ந்து இறங்கிவிட்டது. தேய்மானம் என்ற சொல் முற்றாகத் தோற்ற இடம் இதுதான்.

புதுவிலை குறைந்ததால் புதிதே வாங்கலாமே என்று ஒருநாள் மீண்டும் தடுமாறினார். அன்று இரவு அம்மா அஞ்சலகப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அது முறையான வாதமன்று. அதற்கு எதிர்வாதமும் இல்லை.

மருத்துவரோடு பேரம் நடந்த மாலையில் மகள் உடனிருந்தாள். அப்பா வண்டியின் குறை எதையும் சொல்லவில்லை, விலையை மட்டம்தட்டவுமில்லை. "வண்டி நல்ல வண்டி. அதுல குறையில்ல. வரி குறைஞ்சதுக்கு நீங்களும் பொறுப்பில்ல, நானும் பொறுப்பில்ல. ஆளுக்குப் பாதி ஏத்துக்கலாமா?" என்று இந்தியில் கேட்டார். 39 என்பது 38 ஆயிற்று. மருத்துவர் இரண்டாவது சாவியோடு, டயர் மாற்றிய ரசீதையும் தேடி எடுத்துக் கொடுத்தார். சேமிப்புக் கணக்கு கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் திறக்கப்பட்டது. வட்டி போய்ச் சேருவது அம்மாவின் வங்கிக் கணக்கில்.

ஒருவர் அட்டவணையிலும் இல்லாத செலவு பிறகுதான் தெரிந்தது. அந்த வண்டி தரையோடு தாழ்ந்தது. அம்மாவால் உட்கார முடிந்தது. மூட்டை மடக்கி எழுந்து வெளியே வர முடியவில்லை. முதல் நாள் கோயில் வாசலில் அப்பாவும் மகளுமாகக் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. இப்போது முன்னிருக்கையின் தோல் உறைமீது, பழைய சுங்குடிச் சேலையில் பஞ்சு அடைத்துத் தைத்த நான்கு அங்குலத் திண்டு ஒன்று கிடக்கிறது. அம்மா ஏறினால் தலை கூரையில் இடிக்க ஒரு விரல்கடைதான் பாக்கி. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் அவரைச் சற்று நிமிர்ந்து பார்க்கிறார்கள்.